ஊசி போட்ட பிறகு வரும் இரண்டு நாட்கள்

(நம் மருத்துவமனையின் நண்பர்கள் கூட்டத்தில் சமுதாய சுகாதாரப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை. நேரில் வர இயலாத அன்பர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



கொரோனா தடுப்பூசியைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அது முடிந்துபோன காரியம்தானே என்று உங்களில் சிலர் எண்ணலாம். எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் அப்படி எண்ண மாட்டீர்கள். முழங்கால் வலியோடு வருகிற அம்மாவும், படபடப்பு என்று வருகிற வாலிபனும், எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அந்த ஊசி போட்டதாலதான் இப்படி ஆச்சுங்களா, டாக்டரம்மா?" என்று கேட்கிறார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் இந்தக் கேள்வி அதிகமாயிற்று. ஆஸ்ட்ராஜெனிகா கம்பெனியின் ஊசி மிக அபூர்வமாக இரத்தக் கட்டியை உண்டாக்கக்கூடும் என்று அந்தக் கம்பெனியே இங்கிலாந்து நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது என்ற செய்தி அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நம் ஊரில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்டது அதே ஊசிதான்.

அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்பு, ஊசி நம் ஜனங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பயத்துக்குப் பாதிக் காரணம் ஊசியில் இல்லை, அது வந்த விதத்தில் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

காஞ்சிபுரம் என்றால் கோயிலும் பட்டும் என்று நீங்கள் அறிவீர்கள். தமிழ்நாட்டின் கொரோனா கணக்கும் இந்த ஊரில்தான் தொடங்கியது. 2020 மார்ச் 7 அன்று மாநிலத்தின் முதல் நோயாளி என்று அறிவிக்கப்பட்டவர் வளைகுடா நாட்டிலிருந்து ஊர் திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான், 2019 ஜூலை, ஆகஸ்டில், அத்திவரதரைத் தரிசிக்க வந்த ஜனசமுத்திரத்தை இந்த ஊர் தாங்கியிருந்தது. அந்தத் தெருக்கள் பிறகு எப்படி வெறிச்சோடின என்பதைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணங்கள் சுருங்கின, பட்டுக்கடைகள் பூட்டிக்கிடந்தன, பல தறிகள் நின்றன. ஆகவே 2021இல் ஊசி வந்தபோது, நம் நெசவாளர் குடும்பங்கள் ஏற்கெனவே ஒரு வருஷ வருமானத்தைப் பெரும்பாலும் இழந்திருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

2021 ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் தடுப்பூசிப் பணி ஆரம்பமானது. நம் மாநிலத்தில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் தொடக்க விழா நடந்தது. முதலில் மருத்துவத் துறையினர், பிப்ரவரியில் போலீசார் முதலிய முன்களப் பணியாளர், மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களும், 45 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு, இருதய நோய் போன்ற வியாதியுள்ளவர்களும். ஏப்ரல் 1 முதல் 45 வயதான எல்லோரும். மே 1 முதல் 18 வயதான எல்லோரும். தாளில் பார்க்க இது ஒழுங்கான வரிசைதான். ஆனால் மார்ச்சில் ஊசி இருந்தது, ஆள் வரவில்லை. நோயும் அப்போது தணிந்திருந்ததால் "இனி எதுக்கு?" என்றார்கள். ஏப்ரல் 11 வரையிலான கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கியபோது, ஊசி மருந்தை அதிகமாக வீணாக்கிய மாநிலம் நம்முடையது என்று வந்தது. நூற்றுக்கு 12. மே மாதம் நோய் வீட்டு வாசலுக்கு வந்தது. 21ஆம் தேதி ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேர். அப்போது ஜனங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள், மருந்து இல்லை. ஜூன் முதல் வாரத்தில் பல மையங்களில் "இருப்பு இல்லை" என்று எழுதிப் போட்டார்கள்.

வீணானது ஏன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். மூடியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். நான்கு பேர் வந்திருக்கும்போது நர்ஸ் என்ன செய்வாள்? திறந்தால் ஆறு பேர் மருந்து போகும். திறக்காவிட்டால் நான்கு பேரைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும், அல்லது நாளைக்கு வரச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரர் நாளைக்கும் வருவார். தறியை விட்டு வந்தவர் வருவாரா?

இன்னொன்று, தேதி மாறிக்கொண்டே இருந்தது. கோவிஷீல்டுக்கு முதலில் 28 நாளில் இரண்டாவது ஊசி என்றார்கள். மார்ச் கடைசியில் 6 முதல் 8 வாரம் என்றார்கள். மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்றார்கள். இடைவெளி கூடினால் பலன் கூடுகிறது என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகளில் ஆதாரம் இருந்தது உண்மை. ஆனால் அதே சமயம் கையிருப்பும் குறைந்திருந்ததால், "மருந்து இல்லாததுக்குத்தான் இப்படிச் சொல்றாங்க" என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். சீட்டில் எழுதிய தேதியில் நடந்து வந்து திரும்பிப்போன ஒரு பெரியவரை அடுத்த முறை அழைத்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் கிராம ஊழியர்களைக் கேளுங்கள். கோவின் என்ற கணினிப் பதிவும் அப்படியே. அதில் பிற மாநில மொழிகள் சேர்ந்தபோது தமிழ் இல்லை, ஆட்சேபணை எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள். போதாக்குறைக்கு, செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் மத்திய அரசு கட்டிய பெரிய தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்று தயாராக நின்றது, அங்கிருந்து ஒரு சொட்டு மருந்தும் வெளியே வரவில்லை. 2021 மே 25 அன்று முதலமைச்சர் அதைப் பார்வையிட்டு, மாநிலத்திடம் ஒப்படைக்கும்படி பிரதமருக்கு எழுதினார். "பக்கத்துலயே ஃபேக்டரி இருக்குது, நமக்கு ஏன் இல்ல?" என்று கேட்டவர்களுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இனி நெசவாளர் தெருவுக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களுக்கு எங்கள் ஊழியர்கள் போனபோது, "ஊசி வேண்டாம்" என்று கதவைச் சாத்தியவர்கள் வெகு சிலரே. பெரும்பாலோர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் ஜுரம் வரும், சிஸ்டர்?" என்பதுதான். இது பயந்தவன் கேட்கிற கேள்வி அல்ல, கணக்குப் பார்க்கிறவன் கேட்கிற கேள்வி. நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால் கூலி. மருத்துவ விடுப்பு என்ற வார்த்தையே அந்தத் தெருவில் கிடையாது.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்வது. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அநேகமாகப் புருஷனும் மனைவியும்தான். இருவரில் ஒருவருக்கு ஜுரம் வந்தாலும் தறி நிற்கும். மற்றத் தெருக்களில், வீட்டில் ஒருவர் இன்றைக்கும் மற்றவர் அடுத்த வாரமும் போட்டுக்கொண்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். நெசவாளர் வீட்டில் ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவருக்கு ரெண்டு நாள், எனக்கு ரெண்டு நாள், அப்ப தறிக்கு நாலு நாள் ஆவுதே! ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே போட்டுடுங்க. சோறு பக்கத்து வீட்டுல வடிச்சுத் தருவாங்க" என்றார். இன்னொருவர், ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கிற நாளில் தறி எப்படியும் சும்மா இருக்கும், அன்றைக்கு வரலாமா என்று கேட்டார். மூன்றாமவர், நாடா எறிகிற கையை விட்டு மற்றக் கையில் போடச் சொன்னார். இரண்டு கையாலும் எறிகிறேன் என்று பிறகு அவரே சொன்னார். அது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் பதில் சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை. உண்மை சொன்னால் போதும். போட்ட இடத்தில் வலி, உடம்பு வலி, தலைவலி, அசதி, சிலருக்குக் குளிரோடு ஜுரம். அநேகமாக அன்று இரவு ஆரம்பித்து ஓரிரு நாளில் விட்டுவிடும். கோவாக்சினுக்குச் சற்றுக் குறைவு. வாலிபர்களுக்குத் தொல்லை சற்று அதிகம், வயதானவர்களுக்குக் குறைவு. பாரசிட்டமால் சாப்பிடலாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்கிற வேலையில் இருக்கிறது என்பதே அந்த ஜுரத்தின் அர்த்தம். ஜுரம் வராதவருக்கு ஊசி பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஊசி போட்டவுடன் அரைமணி நேரம் உட்காரச் சொன்னது, லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய கடும் ஒவ்வாமைக்காக. அது வந்தால் உடனே வரும், அட்ரினலின் கையில் இருந்தால் காப்பாற்றிவிடலாம்.

"ஒன்றும் செய்யாது, சும்மா எறும்புக் கடி மாதிரி" என்று சொல்லிப் போட்டவர்களும் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அன்று இரவு 102 டிகிரி ஜுரம் வந்தவர் மறுநாள் தெரு முழுவதும் என்ன சொல்லியிருப்பார்?

நம் ஊழியர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஊசி போட்டவரின் போன் நம்பரை எழுதிக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் ஒரு முறை கூப்பிட்டார்கள். "எப்படி இருக்கீங்க, கஞ்சி குடிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா?" அவ்வளவுதான். ஊசி அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. உங்கள் காணிக்கையில் செலவானது பாரசிட்டமால் அட்டைகளுக்கும், நடக்க முடியாதவர்களை அழைத்து வந்த ஆட்டோவுக்கும், இந்தப் போன் அழைப்புகளுக்கும்தான். நன்றிக் கடிதத்தில் எழுத இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இரண்டாவது ஊசிக்கு வந்தவர்களில் பலர், "அந்தப் பொண்ணு போன் பண்ணி விசாரிச்சுதே" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அந்த நாட்களில் எங்களை மிகவும் சோதித்தது நடிகர் விவேக் அவர்களின் மரணம். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மற்றவர்களுக்கும் தைரியம் வரட்டும் என்று, பத்திரிகையாளர் முன்னிலையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடியற்காலை இறந்துபோனார். மரங்கள் நட்ட நல்ல மனிதர், நம் வீட்டுப் பிள்ளை போன்றவர். அதற்குப் பிறகு சில நாட்கள் எங்கள் ஊழியர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அதிகாரிகள் அன்றைக்கே சொன்னார்கள். ஊசிக்குப் பின்வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அப்படியே முடிவு செய்தது. அந்த முடிவு வெளியானது அக்டோபரில். வதந்தி அன்று மாலைக்குள் காஞ்சிபுரம் வந்துவிட்டது, விசாரணையின் முடிவு வர ஆறு மாதம். நம் நாட்டில் மாரடைப்பு தினமும் அநேகரைக் கொண்டுபோகிறது. கோடிக்கணக்கானவர்களுக்கு ஊசி போடும்போது, போட்ட மறுநாள் மாரடைப்பு வருகிறவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். இதை ஒரு வகுப்பறையில் சொல்வது சுலபம். துக்க வீட்டில் சொல்ல முடியாது.

ஊசி என்ன செய்தது என்பதற்கு நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இடத்திலிருந்தே சாட்சி இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் ஊழியர்களிலேயே கணக்கெடுத்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 8,991 ஊழியர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள், பெரும்பாலோர் கோவிஷீல்டு. பிறகு இரண்டாம் அலை அடித்தது. போடாதவர்களோடு ஒப்பிட, இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு நோய் தொற்றுவது 65 சதவீதம் குறைவு. மருத்துவமனையில் சேர்வது 77 சதவீதம் குறைவு. ஆக்சிஜன் தேவைப்பட்டது 92 சதவீதமும், தீவிர சிகிச்சை தேவைப்பட்டது 94 சதவீதமும் குறைவு.

இந்த எண்களின் வரிசையைக் கவனியுங்கள். நோய் வராமல் தடுப்பதில் 65தான். மூச்சுத் திணறி வார்டுக்கு வராமல் காப்பதில் 90க்கு மேல். "போட்டும் வந்துடுச்சே, டாக்டரம்மா" என்று ஜனங்கள் குறைப்பட்டார்கள். 'தடுப்பூசி' என்று நாம் வைத்த பெயரே அப்படி எதிர்பார்க்க வைக்கிறது. பழைய தலைமுறை பெரியம்மைக்கு அம்மை குத்திக்கொண்டது, 1975க்குப் பிறகு அந்த நோயே நம் நாட்டில் இல்லாமற்போனது. எல்லா ஊசியும் அப்படித்தான் செய்யும் என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை.

ஊசி தோற்றுப்போனதும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கலந்துகொண்ட சோதனை அது, உலகிலேயே அவ்வகையில் மிகப் பெரியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று பல வருஷங்கள் கவனித்த பிறகு வெளிப்படையாக அறிவித்தார்கள். குழந்தைகளுக்கு மூளையில் பரவும் காசநோயிலிருந்து பாதுகாப்புத் தருவதால்தான் பிறந்தவுடன் இன்றும் அதைப் போடுகிறோம். பலிக்காததைப் பலிக்கவில்லை என்று சொன்ன அதே விஞ்ஞானம்தான் வேலூரின் எண்களையும் தருகிறது என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு.

இனி இரத்தக் கட்டி. உண்மையா? உண்மைதான். ஆஸ்ட்ராஜெனிகா ஊசிக்குப் பிறகு மிகச் சிலருக்கு இரத்தம் உறைந்து, அதே சமயம் இரத்தத் தட்டணுக்களும் குறைந்தன. சிலர் இறந்தார்கள். இது 2024இல் கண்டுபிடித்த இரகசியம் அல்ல. 2021 மார்ச், ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் தெரிந்து, அங்கே பல நாடுகள் வாலிபர்களுக்கு அதை நிறுத்தின. இங்கிலாந்தில் சுமார் 50,000 முதல் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். நம் நாட்டில் 2021 மே 17 அன்று சுகாதார அமைச்சகம் தந்த கணக்கில் சந்தேகத்துக்குரியவை 26, அதாவது பத்து லட்சம் ஊசிக்கு 0.61. நம் கணக்கு இவ்வளவு குறைவாயிருப்பதில் ஒரு பங்கு, சொல்லாமலும் எழுதாமலும் விடுபட்டதாலும் இருக்கலாம் என்பது என் எண்ணம். போன் செய்து விசாரிக்க ஆள் இல்லாத ஊரில் எது கணக்கில் வரும்?

ஆனால் இப்போது பயப்பட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்கிறேன். அந்த இரத்தக் கட்டி பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் வருவது. விடாத கடும் தலைவலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள் ஆகியவை அதன் அறிகுறிகள். வருஷங்கள் கழித்து வரும் முழங்கால் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாலிபர்கள் திடீரென்று இறந்துபோவதைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளைக் கொண்டு ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. கூட்டியவை வேறு: கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் அப்படி இறந்தவர் இருப்பது, அளவுக்கு மீறிக் குடித்தது, சில நாட்களுக்குள் செய்த கடும் உடற்பயிற்சி.

கட்டாயப்படுத்தலாமா என்றும் கேட்கிறீர்கள். 2021 நவம்பரில் நம் மாநிலத்தில் பொது இடங்களுக்கு வர ஊசி கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள், 2022 ஏப்ரலில் விலக்கினார்கள். அடுத்த மாதமே, மே 2 அன்று, ஒருவரைக் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும், பாதிப்புகளைப் பற்றிய விவரங்களை ஜனங்களுக்கு வெளிப்படையாகத் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு அரசின் தடுப்பூசிக் கொள்கையில் குறை காணவில்லை. 2021 செப்டம்பர் 12 அன்று நம் மாநிலத்தில் 40,000 இடங்களில் முகாம் நடத்தி, ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி போட்டார்களே, அது உத்தரவால் நடந்ததல்ல. ஞாயிற்றுக்கிழமையில், வீட்டுக்குப் பக்கத்தில், காத்திருக்க வைக்காமல் போட்டார்கள். ஜனங்கள் வந்தார்கள்.

நண்பர்களே, இன்று எல்லோருக்குமான கொரோனா ஊசி முகாம் நம் ஊரில் நடக்கவில்லை. இப்போது வயதானவர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்வது இன்ஃப்ளுயன்சா ஊசி. அது வருஷத்துக்கு ஒரு முறை போட வேண்டியது, அரசு இலவசமாக எல்லோருக்கும் தருவதில்லை. அதற்கும் ஒரு நாள் உடம்பு வலி இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் போடுகிறோம், மறுநாள் போனும் செய்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வரும்போது, அவர்கள் சாப்பிடுகிற மாத்திரைகளையும், முன்பு எந்த ஊசிக்காவது உடம்பு தடித்து வீங்கியிருந்தால் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். காலை பத்து மணிக்குள் வந்தால் குப்பி திறக்கக் காத்திருக்க வேண்டியிராது.